வைகுந்தத்தில் நின்ற கால்: பழனிக்கு மீதி நடை எப்போது?

காவேரிப்பட்டணம்_நடை | பிப்ரவரி 8, காலை 6.10

எல்லோருக்கும் வணக்கம். படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இடது கால் இரண்டு தலையணைக்கு மேல் இருக்கிறது.

இது எனக்கு ஏழாவது வருடப் பழனி நடை. வேலை மாங்கூழ் ஆலையில், நின்றபடிதான். காவேரிப்பட்டணத்திலிருந்து தருமபுரி, தொப்பூர், சேலம், சங்ககிரி, ஈரோடு, காங்கேயம், தாராபுரம் வழியாகப் போவோம். எங்கள் கணக்கில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். 2-ஆம் தேதி 14 பேர் கிளம்பினோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இடது பாதத்தின் மேல்புறம், இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால் ஒரு குத்தல் ஆரம்பித்தது. வெறுங்கால், கல் ஏதாவது குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்று ராத்திரி பார்த்தால் மேல்பாதம் இட்லி மாதிரி உப்பியிருந்தது. சேலத்தில் ஒரு கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். வழியில் ஒரு முகாமில் ஸ்பிரே அடித்துவிட்டார்கள். அரை நாள் பறந்தேன். 6-ஆம் தேதி மதியம், சேலத்துக்கும் சங்ககிரிக்கும் நடுவே உள்ள வைகுந்தம் சுங்கச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. குழுவில் இருந்தவர்கள் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

நான் நின்ற இடத்தில் ஒரு புளியமரமும் கிலோமீட்டர் கல்லும் இருக்கின்றன. அந்தக் கல்லிலிருந்தே மீதியை நடந்து முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. மாலையை இன்னும் கழற்றவில்லை. எத்தனை நாளில் கிளம்பலாம்? இதுபோல் பாதியில் நின்று பிறகு தொடர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தொப்பூர்_டீசல் | பிப்ரவரி 8, காலை 7.02

வைகுந்தம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்த ஒரே ஆள் நீங்கள்தான் அண்ணா.

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தொப்பூர் இறக்கத்தில் என் லாரிக்கே பிரேக் சூடாகி நாற்றம் வரும். அந்தச் சரிவில் முழு உடம்பும் முன்பாதத்தில்தான் இறங்கும். வெறுங்காலில் எப்படித்தான் போகிறீர்களோ.

சந்தூர்_மாங்கன்று | பிப்ரவரி 8, காலை 8.45

நரம்பு பிசகியிருக்கும் அண்ணா. நல்லெண்ணெய் காய்ச்சி நீவி விடச் சொல்லுங்கள். புளியும் கல்லுப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டால் மூன்று நாளில் வீக்கம் வடியும். கேட்கவில்லை என்றால் புத்தூர் போய் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். என் சித்தப்பாவுக்கு முன்கை உடைந்தபோது முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்து மூங்கில் பட்டையால் கட்டினார்கள். இன்றைக்கும் அதே கையால்தான் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறார்.

பென்னாகரம்_பிசியோ | பிப்ரவரி 8, காலை 9.20

தயவுசெய்து நீவாதீர்கள். பற்றுப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம், அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் எலும்பில் கீறல் இருந்து அதைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் கீறல் பெரிதாகும்.

அண்ணா, ஒரு காரியம் செய்யுங்கள். ஆள்காட்டி விரல் நுனியால் அந்த இடத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். பாதம் முழுக்கப் பரவலாக வலிக்கிறதா, இல்லை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரே புள்ளியில் எலும்பின் மேலேயே துள்ளவைக்கிறதா? அப்புறம் இன்னொன்று: பிடிமானம் இல்லாமல் நாலு அடி வைக்க முடிகிறதா?

இந்த நாலு அடிக் கேள்வி நானாகச் சொல்வதில்லை. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் வகுத்த விதி. அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்தபோதும் நாலு அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்காலின் இரண்டு பக்கத்து எலும்பு முட்டுகளின் பின்விளிம்பிலோ, சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடியிலோ, பாதத்தின் உள்பக்க மேட்டிலோ தொட்டால் வலித்தாலும் எடுக்க வேண்டும். அது கால் பிசகி விழுந்தவர்களுக்கான விதி. நீங்கள் விழவில்லை, நடந்தே நோகடித்துக்கொண்டீர்கள். அதனால் எனக்கு வேறு சந்தேகம் இருக்கிறது. முதலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம்_நடை | பிப்ரவரி 8, காலை 9.41

ஒரே புள்ளிதான் அக்கா. தொட்டதும் அம்மா என்று கத்திவிட்டேன், சமையல்கட்டிலிருந்து நிஜமாகவே அம்மா ஓடி வந்தார். இரண்டு அடி வைக்கலாம், மூன்றாவது முடியவில்லை.

பென்னாகரம்_பிசியோ | பிப்ரவரி 8, காலை 9.55

இன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரையை நிறுத்திவிட்டுப் போங்கள், போட்டுக்கொண்டு போனால் எங்கே வலிக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

காவேரிப்பட்டணம்_நடை | பிப்ரவரி 10, இரவு 8.30

போய் வந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். தசைப்பிடிப்பு, ஒரு வாரத்தில் நடக்கலாம் என்று ஒரு ஊசியும் கிரேப் பேண்டேஜும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நல்ல செய்திதானே? ஆனால் அந்தப் புள்ளி அப்படியே இருக்கிறது.

நாளை தைப்பூசம். கூட வந்தவர்கள் தாராபுரம் தாண்டிவிட்டார்கள், மணிக்கு ஒரு படம் அனுப்புகிறார்கள். என் மனைவிக்குப் பிறந்த ஊர் தருமபுரி. குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தேரைப் பெண்கள் வடம் பிடித்து இழுப்பார்கள் அல்லவா, அதற்குப் போகிறாள். வீட்டில் நடக்க முடிந்தவள் நான் ஒருத்திதான், நான் இழுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஓசூர்_ஓட்டக்காரன் | பிப்ரவரி 10, இரவு 10.15

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை நம்பி நான் கெட்டேன். இரண்டு வருடம் முன்பு மாரத்தானுக்குத் தயாராகும்போது எனக்கும் இதே இடம், இதே புள்ளி. முதல் எக்ஸ்ரே சுத்தம். ஐந்தாம் நாள் மறுபடி ஓடினேன். மூன்றாவது வாரம் எடுத்த படத்தில் எலும்பின் குறுக்கே முடி மாதிரி ஒரு கோடும், அதைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையும். எலும்பு தன்னைத்தானே ஒட்டவைக்கும் புது எலும்புதான் அந்த வெள்ளை. அது வந்த பிறகுதான் பல கீறல்கள் படத்திலேயே தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் முதல் வாரத்திலேயே தெரியும், ஆனால் செலவு.

ஒரு வாரத்தில் நடக்கலாம் என்று சொன்னதைக் கேட்காதீர்கள்.

அரூர்_வாத்தியார் | பிப்ரவரி 11, காலை 5.50

தம்பி, உங்களுக்கு வந்திருப்பது படைவீரர்களின் நோய். 1855-இல் பிரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிநடைக்குப் பிறகு சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததே 1895-இல்தான். ஆகவே நாற்பது வருடம் அதைத் தசைநார் வீக்கம் என்றே நினைத்திருந்தார்கள். 1897-இல் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோதுதான் எலும்பு முறிவு என்று தெரிந்தது. இன்றும் அணிநடை முறிவு என்றுதான் சொல்கிறார்கள். நாற்பது வருடம் ஒரு ராணுவத்துக்கே தெரியாமல் போனது, நம்மூர் டாக்டருக்கு முதல் நாளில் தெரியவில்லை என்று கோபப்பட வேண்டாம்.

இன்னொரு சந்தேகமும் வருகிறது. நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை உள்ள பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பார்த்தவன் நான். ஒகேனக்கல் தண்ணீர் வந்தது 2013-இல். அதற்கு முன்பு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்த எலும்பு வலுவில்லாமல் இருக்குமோ?

பென்னாகரம்_பிசியோ | பிப்ரவரி 11, காலை 7.30

சார், கேள்வி நியாயமானது. ஃப்ளோரைடு ஏறிய எலும்பு படத்தில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் கல் மாதிரி இருந்துகொண்டே பிளக்கும். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் முதுகு, கழுத்து, இடுப்பு இறுகிப்போய்த்தான் வருவார்கள், குனிய முடியாது. பாதத்தில் ஒரு ரூபாய் அளவு வலிக்கு அதைக் காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. வருடம் முழுக்க ஆலையில் நிற்கிறார், நடப்பதில்லை. திடீரென்று நாளுக்கு 28 கிலோமீட்டர், தார் ரோடு, வெறுங்கால். எலும்பு தேய்வதும் தன்னைச் சரிசெய்துகொள்வதும் தினமும் நடக்கும் வேலை. தேய்மானம் முந்திக்கொண்டால் கீறல் விழும். கட்டை விரலுக்குப் பக்கத்து விரலின் எலும்பு நீளமானது, மெலிந்தது, அதிகம் அசையவும் அசையாது. அதனால் அதுதான் முதலில் மாட்டும்.

அண்ணா, விட்டமின் டி பரிசோதனை ஒன்று செய்யுங்கள்.

பச்சைவேட்டி | பிப்ரவரி 11, இரவு 9.00

இருபத்திரண்டு வருடமாகக் குழு கூட்டிப் போகிறேன். கால் நோகாமல் ஒருவர்கூடப் பழனி வந்ததில்லை. நோவுதான் காணிக்கை. ஆனால் நின்றது நின்றதுதான். மாலையைக் கோயிலில் கழற்றிவைத்துவிட்டு அடுத்த தைக்கு முதலில் இருந்து வாருங்கள். பாதியில் விட்ட இடத்தில் ஒட்டுப்போடுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

தொப்பூர்_டீசல் | பிப்ரவரி 11, இரவு 9.25

குருசாமி, முருகன் என்ன கிலோமீட்டர் மீட்டரா வைத்திருக்கிறார்?

பச்சைவேட்டி | பிப்ரவரி 11, இரவு 9.31

அவர் வைக்கவில்லை. கல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்று கணக்குப் போடுவது தம்பிதான்.

ஊத்தங்கரை_57 | பிப்ரவரி 13, காலை 6.40

இடையில் என் கேள்வியும் ஒன்று. தனிப் பதிவு போட வெட்கமாக இருந்தது. எனக்கு 12 வருடமாகச் சர்க்கரை. செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்கு நடந்தேன், கிரிவலம் 14 கிலோமீட்டரும் வெறுங்காலில் சுற்றினேன். வலி ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டை விரலுக்கு அடியில் பெரிய கொப்புளம், அது உடைந்து சாக்ஸில் ஈரம். வலிக்காததால் விட்டுவிடலாமா?

பென்னாகரம்_பிசியோ | பிப்ரவரி 13, காலை 6.52

ஐயா, வலிக்காததுதான் பிரச்சினையே. இன்றே போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், இரண்டு நிமிட வேலை. வீட்டுக்குள்ளும் இனி வெறுங்காலில் நடக்காதீர்கள். சுடுதண்ணீரில் கால் வைக்காதீர்கள், வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

மற்றவர்களுக்கு: சர்க்கரை இல்லாதவர்கள் கொப்புளத்தின் மேல்தோலை உரிக்க வேண்டாம். அந்தத் தோல்தான் அதற்குக் கட்டு. நடந்தே ஆக வேண்டும் என்றால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, தோலை அப்படியே படியவைத்து மூடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஊசியையும் தொடக்கூடாது.

ஊத்தங்கரை_57 | பிப்ரவரி 15, மாலை 5.00

போனேன். காய்த்த தோலுக்கு அடியில் புண் குழியாக இருந்ததாம். சுத்தம் செய்து மருந்து வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் விரலுக்கே ஆபத்து என்றார்கள். அந்த இழையால் ஏழு இடத்தில் தொட்டதில் நாலு இடம் எனக்குத் தெரியவே இல்லை.

காவேரிப்பட்டணம்_நடை | பிப்ரவரி 27, இரவு 7.15

ஓசூர் தம்பி சொன்னது சரியாகிவிட்டது. வேறு மருத்துவரிடம் இரண்டாவது படம் எடுத்தேன். இரண்டாவது நீள எலும்பில் கோடு, சுற்றிலும் வெள்ளை. பஞ்சு என்று சொன்னீர்களே, அதேதான். விட்டமின் டி 17. இருபதுக்குக் கீழே என்றாலே குறைவாம். பாதம் அசையாமல் பிடித்துவைக்கும் வாக்கர் பூட் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் மூன்று வாரம் போட வேண்டும். நடுவில் ஒரு வாரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆலைக்குப் போய் நின்றதை இங்கே சொல்லாமல் மறைத்துவிட்டேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

இப்போது என் கணக்கு இது. நின்றது பிப்ரவரி 6. பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. மீதி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஏப்ரல் 3-ஆம் தேதி கிளம்பினால் சரியாக 8 வாரம் ஆகியிருக்கும், நாளுக்கு 19 கிலோமீட்டர். எட்டு வாரத்தில் எலும்பு ஒட்டிவிடும் என்று டாக்டரும் சொன்னார். முருகனே தேதி குறித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஓசூர்_ஓட்டக்காரன் | பிப்ரவரி 27, இரவு 7.40

நானும் இப்படித்தான் காலண்டரில் வட்டம் போட்டேன். அந்த வட்டத்தால் எனக்கு இன்னும் நாலு மாதம் போனது.

பென்னாகரம்_பிசியோ | பிப்ரவரி 27, இரவு 9.10

அண்ணா, எட்டு வாரம் என்பது எலும்பு ஒட்டுகிற கணக்கு. 150 கிலோமீட்டர் தாங்குகிற கணக்கு வேறு. களத்துமேட்டில் சுவர் கட்டி முடித்த அன்றே அதன் மேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்றுவீர்களா?

இந்த மூன்று வாரத்தில் அந்த வாக்கர் பூட்டுக்குள் இருக்கும் கெண்டைச் சதை இளைத்துவிடும். நூல் டேப் வைத்து இரண்டு காலையும் அளந்து பாருங்கள், நம்பாவிட்டால். கணுக்கால் இறுகும். ஒற்றைக் காலில் நிற்கத் தடுமாறுவீர்கள். சதை செய்ய வேண்டிய வேலையைச் சதை செய்யாவிட்டால் அந்தப் பாரம் நேராக எலும்புக்குத்தான் போகும். அதே எலும்புக்குப் போகலாம், பக்கத்து எலும்புக்கும் போகலாம்.

பூட்டைக் கழற்றும் நாளில் விரல் வைத்து அழுத்துங்கள். துளி வலியும் இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு சமதரையில் 10 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். நடக்கும்போது வலிக்கவில்லை என்பது பெரிய சேதி இல்லை. மறுநாள் காலை எழுந்ததும் அதே புள்ளியை அழுத்திப் பாருங்கள், அதுதான் பரீட்சை. வலித்தால் முந்தைய அளவுக்கு இறங்கிவிடுங்கள். அரை மணி நேரம் சுத்தமாக வந்த பிறகுதான் கிலோமீட்டர் பேச்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நல்ல கால் எத்தனை, நோவுக் கால் எத்தனை என்று எழுதி வையுங்கள். இரண்டும் சமமாக வரும்வரை பழனிப் பேச்சு வேண்டாம்.

வலி மாத்திரை இல்லாமல், ஸ்பிரே இல்லாமல். அதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பிப்ரவரியில் உங்கள் கால் தொப்பூரிலேயே சொல்லிவிட்டது. சேலத்தில் அதன் வாயைப் பொத்தினீர்கள்.

சந்தூர்_மாங்கன்று | பிப்ரவரி 28, காலை 8.00

அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டு வைத்தியத்தை மொத்தமாக ஒதுக்குவது எனக்கு ஏற்பில்லை. கையில் காசில்லாதவன் எங்கே போவான்?

பென்னாகரம்_பிசியோ | பிப்ரவரி 28, காலை 8.35

நான் ஒதுக்கவில்லை தம்பி. அசையாமல் வைத்தால் எலும்பு ஒட்டும், அது மூங்கிலுக்கும் தெரியும் மாவுக்கட்டுக்கும் தெரியும். என் பயம் இறுக்கத்தைப் பற்றித்தான். கட்டுப் போட்ட பிறகு விரல் நீலமாகி, மரத்துப்போய், வலி கூடிக்கொண்டே போனால் யார் போட்ட கட்டாக இருந்தாலும் உடனே அவிழ்க்க வேண்டும். இறுகிப்போய் ரத்த ஓட்டம் நின்ற காலை நான் வேலையில் பார்த்திருக்கிறேன், ஒருமுறை பார்த்ததே போதும். காசைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது, காத்திருக்கத்தான் வேண்டும்.

காவேரிப்பட்டணம்_நடை | மார்ச் 22, காலை 7.00

பூட் போனது. புள்ளியில் வலி இல்லை. கெண்டைக்காலில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். குதிகால் தூக்கல்: வலது 22, இடது 4. நாலாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

பங்குனி உத்திரத்தை விட்டுவிட்டேன்.

அம்மா தினமும் கேழ்வரகுக் களி கிண்டுகிறார். யாரோ 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு வேளை களி, கொள்ளுக் கடைசல். கல்யாணத்துக்கு முன்புகூட இப்படி ஊட்டியதில்லை.

பச்சைவேட்டி | மார்ச் 22, இரவு 8.10

மாலை?

காவேரிப்பட்டணம்_நடை | மார்ச் 22, இரவு 8.20

கழுத்தில்தான் இருக்கிறது குருசாமி. கழற்ற மனசு வரவில்லை. உங்கள் சொல்லை மீறுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

பச்சைவேட்டி | மார்ச் 22, இரவு 8.44

மாலை இருக்கும்வரை விரதமும் இருக்க வேண்டும். ஆறு மாதமானாலும். அதற்குத் தயாரென்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

காவேரிப்பட்டணம்_நடை | ஏப்ரல் 27, மாலை 6.30

நிலவரம். தென்பெண்ணைக் கரையோரம் காலையில் நடக்கிறேன். 10 நிமிடத்தில் ஆரம்பித்து இப்போது 5 கிலோமீட்டர். ஒரே ஒருமுறை, 3-இலிருந்து நேராக 5-க்குத் தாவியபோது மறுநாள் காலை புள்ளி லேசாக நினைவூட்டியது. மூன்று நாள் ஓய்வு, மறுபடி 3. குதிகால் தூக்கல் இடது 15.

மே தொடங்கினால் மாங்கூழ் ஆலையில் சீசன். ஜூலை வரை ஒருநாள் விடுப்புக் கிடைக்காது. வைகாசி விசாகத்துக்குப் போகலாம் என்று மனைவி சொன்னாள், முடியாது. ஆடியில் கிளம்பலாம் என்று இருக்கிறேன். ஆலையில் சிமென்ட் தரையில் பத்து மணி நேரம் நிற்பது நடையை விட மோசம். கனத்த அடியுள்ள ஷூவும் ரப்பர் பாயும் கேட்டிருக்கிறேன். பாய் கிடைத்தது, ஒரு பழைய கன்வேயர் பெல்ட் துண்டு.

தொப்பூர்_டீசல் | ஏப்ரல் 27, இரவு 11.15

ஆடியில் போவதென்றால் ரோட்டைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கால் பற்றி எனக்குத் தெரியாது. வண்டி வரும் திசையைப் பார்த்து நடங்கள், முதுகைக் காட்டாதீர்கள். ராத்திரியில் கேபினிலிருந்து பார்த்தால் பச்சை வேட்டியும் கருப்பும் ஒன்றுதான். ஒளிரும் பட்டையை முதுகுப் பைக்கும் கணுக்காலுக்கும் ஒட்டுங்கள். ஆடுகிற பட்டைதான் எங்கள் கண்ணில் படும். தைப்பூசக் கூட்டம் என்றால் நாங்களே வேகத்தைக் குறைப்போம். ஆடியில் தனியாக ஒருவர் நடப்பார் என்று எந்த டிரைவரும் எதிர்பார்க்க மாட்டான்.

ஓசூர்_ஓட்டக்காரன் | ஏப்ரல் 28, காலை 6.00

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ரோட்டின் ஓரம் மழைநீர் வடியச் சரிவாக இருக்கும். நாள் முழுக்க ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். சமமான மண் ஓரம் கிடைக்கும் இடத்தில் அதில் இறங்கிவிடுங்கள். ஷூ அரை அளவு பெரியதாக வாங்குங்கள், மாலையில் வாங்கப் போங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். முன்பாதத்தில் மடங்காத கெட்டியான அடி வேண்டும். கையால் வளைத்தால் நடுவில் அப்பளம் மாதிரி மடங்கினால் அந்த ஷூ வேண்டாம்.

பச்சைவேட்டி | ஏப்ரல் 28, காலை 6.30

ஷூ போட்டுக்கொண்டு விரத நடையா? இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

அரூர்_வாத்தியார் | ஏப்ரல் 28, காலை 9.00

தீர்த்தமலை ஏறும்போது நானும் செருப்பைக் கீழே விடுகிறவன்தான். ஆனால் வெறுங்கால் நடை மண் பாதைக்காக வந்த பழக்கம். அந்தக் காலத்தில் வழியெல்லாம் மண்ணும் நிழலும். ஏப்ரல் மதியத்தில் தாரில் முட்டை உடைத்து ஊற்றினால் என்ன ஆகும் என்று குருசாமிக்கே தெரியும்.

பச்சைவேட்டி | ஏப்ரல் 28, காலை 9.12

தெரியும். அதனால்தான் நாங்கள் ராத்திரியில் நடக்கிறோம்.

காவேரிப்பட்டணம்_நடை | ஆகஸ்ட் 3, இரவு 9.40

சீசன் முடிந்தது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை வரை போய்ச் சுற்றி வந்து, அடுத்தடுத்து இரண்டு நாள் 15 கிலோமீட்டர் நடந்தேன். மூன்றாம் நாள் காலை அழுத்திப் பார்த்தேன், சுத்தம். குதிகால் தூக்கல் வலது 24, இடது 23. அந்த ஒன்றை அக்கா மன்னிப்பார் என்று நினைக்கிறேன்.

ஷூவோடு போகிறேன் குருசாமி. சண்முகநதியில் குளித்துவிட்டு அங்கிருந்து வெறுங்கால். இதுதான் என்னால் முடிந்தது. நாளுக்கு 18 கிலோமீட்டர், நாலாவது நாள் முழு ஓய்வு. பையில் வலி மாத்திரை இல்லை.

பென்னாகரம்_பிசியோ | ஆகஸ்ட் 3, இரவு 10.05

மன்னித்தேன். மலையேறும்போது படி வேண்டாம், யானைப்பாதையில் ஏறுங்கள். இறங்கும்போது வின்ச் ரயில். 690 படி இறங்குவது இன்னொரு தொப்பூர்.

காவேரிப்பட்டணம்_நடை | ஆகஸ்ட் 9, இரவு 8.00

வைகுந்தம் தாண்டி அதே கல்லில் இறங்கினேன். பிப்ரவரியில் மரம் முழுக்கப் புளி தொங்கியது, இப்போது இலைதான். கற்பூரம் ஏற்றலாம் என்றால் காற்று விடவில்லை.

தைப்பூசத்தில் அடிக்கு ஒரு அன்னதானப் பந்தல் இருக்கும். இப்போது ஒன்றும் இல்லை. சங்ககிரியில் டீக்கடைக்காரர் பச்சை வேட்டியையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தை போய் ஆறு மாதம் ஆகிறதே என்றார். பாதி அப்போதே நடந்துவிட்டேன் என்றேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

காவேரிப்பட்டணம்_நடை | ஆகஸ்ட் 10, மாலை 5.45

பள்ளிபாளையம் பாலத்தில் நிற்கிறேன். காவிரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஆறு வருடம் தை மாதத்தில் இதே பாலத்தைக் கடந்திருக்கிறேன், பாறையும் நாணலும்தான் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரமாக இங்கேயே நிற்கிறேன். கால் வலி இல்லை, சும்மாதான் நிற்கிறேன்.

ஊத்தங்கரை_57 | ஆகஸ்ட் 10, இரவு 7.00

எனக்கும் சேர்த்து ஒரு அரோகரா போடுங்கள் தம்பி. புண் ஆறிவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு போட்டுக்கொண்டு வாசல் வரைதான் என் யாத்திரை.

காவேரிப்பட்டணம்_நடை | ஆகஸ்ட் 18, காலை 10.20

நேற்று மாலை சாமி பார்த்தாயிற்று. யானைப்பாதையில் ஏறி வின்ச்சில் இறங்கினேன். மாலையை இன்று காலை கழற்றினேன். ஆறரை மாதத்தில் கழுத்தில் வெள்ளைத் தடம் விழுந்திருக்கிறது. ஊத்தங்கரை ஐயா பெயரையும் சொன்னேன். குருசாமி போன் செய்தார். ஷூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

அக்கா, இடது கால் சுத்தம். அழுத்திப் பார்த்துவிட்டேன். ஆனால் இன்று காலை எழுந்து முதல் அடி வைத்ததும் வலது குதிகாலில் முள் குத்துகிற மாதிரி ஒரு வலி. பத்து அடி நடந்ததும் போய்விட்டது. இது என்ன?

பென்னாகரம்_பிசியோ | ஆகஸ்ட் 18, காலை 10.31

உள்ளங்கால் சவ்வு நொந்திருக்கிறது. தண்ணீர் பாட்டிலை ஃபிரிட்ஜில் உறையவைத்துப் பாதத்துக்கு அடியில் உருட்டுங்கள், கெண்டைக்காலை நீட்டி இழுங்கள். பஸ்ஸில் வாருங்கள். மீதியைப் புதுப் பதிவில் கேளுங்கள்.